பெருங்கடையில் துப்பாக்கி வாங்குதல்: அமெரிக்காவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெக்சஸிலோ வட கரோலினாவிலோ வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் சில வருடங்களுக்குள் இந்தப் பேச்சு எழுந்துவிடுகிறது: வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாமா? சிலருக்கு அலுவலக நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய்வந்ததில் ஆர்வம் வந்திருக்கும். சிலர் நவம்பரில் மான் வேட்டைக்குப் போக நினைப்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது குடும்பமாக உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. வாங்கலாம் என்று முடிவுசெய்து ஒரு பெரிய கடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவத்தான் இந்தக் கட்டுரை.

போய்வந்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்க, கடைசில வெறுங்கையோட அனுப்பிட்டாங்க." அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வேறு வேறு காத்திருப்புகள் கலந்திருக்கின்றன. கவுண்டரில் ஆள் இல்லாததால் நிற்பது கடையின் பொறுப்பு. வாங்குபவருக்குச் சட்டத் தடை ஏதும் உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்காக நிற்பது மத்திய அரசின் கணினிக்காக நிற்பது. மூன்று நாளோ பத்து நாளோ கழித்து வரச் சொல்வது மாநிலச் சட்டம். இதில் முதலாவதைத்தான் ஊழியரால் சரிசெய்ய முடியும். எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்தால் யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரியும், வீண் கோபமும் வராது.

முதலில், உங்களால் வாங்க முடியுமா?

கடைக்குப் போகும் முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும், வேறு தடை இல்லாவிட்டால், வாங்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடைவிதிக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படுவது, ஏதாவது ஒரு மாநிலத்தின் காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. அந்த விதிவிலக்கை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு ஒருவரை நாடுகடத்தும் அளவுக்குப் போகும். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும், அட்டை கைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போகக் கூடாது.

வீட்டில் ஒருவர் கிரீன் கார்டு, மற்றவர் தற்காலிக விசா என்றால் இன்னும் கவனம் தேவை. கணவர் சட்டப்படி வாங்கியிருந்தாலும், மனைவியின் விசாவுக்குத் தடை இருந்தால், அந்தத் துப்பாக்கி அவர் எடுக்கக்கூடிய இடத்தில் இருப்பதே அவருக்குச் சிக்கலாகலாம். சாவியும் எண்ணும் வாங்கியவரிடம் மட்டும் இருக்கும் பெட்டகம் வேண்டும்.

நம் வட்டத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சும் உண்டு: "அண்ணா, உங்ககிட்டதான் கிரீன் கார்டு இருக்கே, எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க, காசு நான் தர்றேன்." உறவுக்காகக்கூட இதைச் செய்யாதீர்கள். வேறொருவருக்காக, அவர் பணத்தில், உங்கள் பெயரில் வாங்குவது மத்தியக் குற்றம். 2022-இல் வந்த சட்டத்தின்படி 15 ஆண்டு வரை சிறை கிடைக்கும். உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு உண்மையான அன்பளிப்பாகத் தருவது வேறு. அதை மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் நிபந்தனை உண்டு.

வயதையும் பாருங்கள். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி வாங்க 18, கைத்துப்பாக்கி வாங்க 21 என்பதுதான் மத்தியச் சட்டம் வகுத்த அடிப்படை. சில மாநிலங்களும் சில கடைகளும் எல்லாவற்றுக்கும் 21 என்று வைத்திருக்கின்றன. புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2018-இல் வால்மார்ட்டும், டிக்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடையும் அப்படித்தான் மாறின.

எந்தக் கடை

வால்மார்ட் என்றால் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். 1993-இலேயே அலாஸ்கா தவிர மற்ற இடங்களில் கைத்துப்பாக்கி விற்பதை நிறுத்திவிட்டார்கள். 2015-இல் ராணுவ ரைஃபிள் போன்ற தோற்றமுள்ள ஏஆர்-15 வகை ரைஃபிள்களை நிறுத்தினார்கள். 2019-இல் டெக்சஸின் எல் பாசோ நகர வால்மார்ட்டில் நடந்த படுகொலைக்குப் பின் கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும், சில வகை ரைஃபிள் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, அலாஸ்காவிலும் கைத்துப்பாக்கி விற்பனையை முடித்துக்கொண்டார்கள். வேட்டைக்கான ரைஃபிளும் ஷாட்கனும் மட்டும், அதுவும் சில கிளைகளில் மட்டும் கிடைக்கும். டிக்ஸும் பல கிளைகளில் துப்பாக்கிப் பிரிவையே மூடிவிட்டது.

கைத்துப்பாக்கி வேண்டும் என்றால் கபேலாஸ், பாஸ் புரோ ஷாப்ஸ், அகாடமி, ஸ்போர்ட்ஸ்மன்ஸ் வேர்ஹவுஸ், ஷீல்ஸ் போன்ற வேட்டை, மீன்பிடி, விளையாட்டுப் பொருள் கடைகளுக்குப் போக வேண்டும். பாஸ் புரோ 2017-இல் கபேலாஸை வாங்கிவிட்டதால் இரண்டும் இப்போது ஒரே குடும்பம். பெரிய கவுண்டர், கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாகக் கைத்துப்பாக்கிகள், பின்னால் சுவர் நிறைய ரைஃபிள்கள், டோக்கன் எண் கொடுக்கும் இயந்திரம் என்று இருக்கும்.

முதல் துப்பாக்கியை வாங்குகிறவருக்குச் சிறிய தனிக்கடையே நல்லது என்பது என் கருத்து. சுடுதளத்தோடு சேர்ந்த கடையானால் இன்னும் நல்லது. அங்கே வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம், கேள்விகளுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல ஆளும் இருப்பார். பெருங்கடையில் தேர்வு அதிகம், விலையும் பெரும்பாலும் கொஞ்சம் குறைவு, ஆனால் வார இறுதியில் ஒரு ஊழியருக்கு எட்டு பேர் காத்திருப்பார்கள். எது வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குப் பெருங்கடை சரியாக வரும்.

கிளம்பும் முன்

நாளையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதிக் காத்திருப்பு குறைந்துவிடும். சனிக்கிழமை மதியம் போகாதீர்கள். செவ்வாய், புதன் காலையில் கடை திறந்ததும் போனால் ஊழியருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் நேரம் கிடைக்கும். வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் கூட்டம் அதிகம். டெக்சஸில் மான் வேட்டையின் பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது, அதற்கு முந்தைய பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள். நன்றி நவிலல் நாளுக்கு மறுநாளான பிளாக் ஃபிரைடே எல்லாவற்றையும்விட மோசம். 2017-இல் அந்த ஒரே நாளில் பின்னணிச் சோதனையை நடத்தும் எஃப்பிஐ-க்கு 2 லட்சத்து 3 ஆயிரம் சோதனைக் கோரிக்கைகள் வந்தன. நாட்டில் பதற்றம் இருக்கும் மாதங்களிலும் இதே கதைதான். 2021 மார்ச் மாதத்தில் மட்டும் 46 லட்சத்துக்கும் மேல். இவை எல்லாமே விற்பனை அல்ல, உரிமத்துக்கான சோதனைகளும் இதில் அடக்கம். ஆனாலும் அந்த நெரிசல் முழுவதும் வந்து சேர்வது ஒரே அமைப்பின் வாசலில்தான்.

கடையை மூடும் நேரத்தில் போவதும் வீண். பல கடைகள் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே புதிய துப்பாக்கி விற்பனையைத் தொடங்குவதை நிறுத்திவிடும். அவர்கள் செய்வதில் நியாயம் இருக்கிறது, படிவத்தை அவசரமாக நிரப்பினால் தவறு வரும்.

அப்புறம், கிளம்பும் முன் ஒரு போன் செய்யுங்கள். இரண்டே கேள்விகள் போதும்: நான் பார்த்துவைத்திருக்கும் மாடல் இருக்கிறதா, துப்பாக்கி விற்கத் தகுதி பெற்றவர் இன்று எத்தனை மணிவரை பணியில் இருக்கிறார்? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. வால்மார்ட் போன்ற இடங்களில் தனிப்பயிற்சி முடித்தவர்தான் துப்பாக்கி விற்க முடியும். அவர் சாப்பிடப் போயிருந்தால் பக்கத்தில் நிற்கும் பெயின்ட் பிரிவு ஊழியர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டக்கூட மாட்டார். அலட்சியம் காட்டுவதாக நினைக்காதீர்கள், அவருக்கு அனுமதி கிடையாது.

ஆவணங்களுக்கு வருவோம். புகைப்படம், பிறந்த தேதி, இப்போது குடியிருக்கும் முகவரி மூன்றும் உள்ள, அரசு வழங்கிய, காலாவதியாகாத அடையாள அட்டை வேண்டும். மாநில ஓட்டுநர் உரிமம் இதற்குச் சரியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இங்குள்ள முகவரி இல்லாததால் அது மட்டும் போதாது. வீடு மாறிவிட்டு உரிமத்தில் பழைய முகவரியையே வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். கவுண்டரிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். உரிமத்தைப் புதுப்பியுங்கள், அல்லது புதிய முகவரி உள்ள வாகனப் பதிவுச் சான்று போன்ற இன்னொரு அரசு ஆவணத்தைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். கிரீன் கார்டையும் கையில் வைத்திருங்கள், அதிலுள்ள எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும்.

கைத்துப்பாக்கியை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்துக் கடையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரைஃபிளும் ஷாட்கனும், இரண்டு மாநிலச் சட்டங்களும் இடம் கொடுத்தால், வேறு மாநிலத்திலும் வாங்கலாம். கடையின் இணையதளத்தில் பணம் கட்டி ஆர்டர் செய்தாலும் பொருள் வீட்டுக்கு வராது. கடைக்குத்தான் வரும், படிவமும் சோதனையும் அங்கேதான் நடக்கும். ஆர்டர் செய்துவிட்டதால் வரிசையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

கவுண்டரில்

உள்ளே நுழைந்ததும் முதலில் டோக்கன் எடுத்துவிட்டு அப்புறம் வேடிக்கை பாருங்கள். பார்த்து முடித்துவிட்டு டோக்கன் எடுப்பவர்கள்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

உங்கள் முறை வந்ததும் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். "வீட்டுப் பாதுகாப்புக்கு, முதல் முறை, இத்தனை டாலருக்குள்" என்றால் நல்ல ஊழியர் அங்கிருந்து கேள்வி கேட்கத் தொடங்குவார்: முன்பு சுட்டிருக்கிறீர்களா, வீட்டில் குழந்தைகள் உண்டா, பூட்டி வைக்க இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளால் மனம் சுளிக்காதீர்கள். இவற்றைக் கேட்காமல் விலை உயர்ந்ததை எடுத்து நீட்டுபவரைவிட இவரே மேல்.

துப்பாக்கியை அவர் எடுத்து, முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டுத் தருவார். வாங்கியதும் நீங்களும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். யாரையும் நோக்கித் திருப்பாதீர்கள், விரல் விசைக்கு வெளியிலேயே இருக்கட்டும். விசையை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு அழுத்துங்கள். புதியவரின் கை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே ஊழியர் தன் பேச்சை மாற்றிக்கொள்வார். இந்தச் சின்ன ஒழுக்கத்தால் உங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பே மாறிவிடும்.

நான்கு நண்பர்களாகப் போகும்போது ஒரு சிக்கல் வரலாம். விஷயம் தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் கேட்கிறார், தமிழிலேயே பேசிக்கொள்கிறோம், கடைசியில் வேறொருவர் அடையாள அட்டையை நீட்டுகிறார். ஊழியரின் கண்ணுக்கு இது அசல் வாங்குபவரை மறைக்கும் விற்பனை போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் விற்க மறுப்பது அவருடைய கடமை, கடையின் உரிமமே அதில் தொங்குகிறது. யார் வாங்குகிறாரோ அவரே பேசட்டும், அவரே தேர்ந்தெடுக்கட்டும், அவரே பணம் கட்டட்டும். நண்பர் ஆலோசனை சொல்வதை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

மனைவி வாங்க வந்திருக்கும்போது ஊழியர் கணவரைப் பார்த்தே பேசுவதும் உண்டு. அப்போது கணவர் இரண்டடி தள்ளி நின்றால் பேச்சு தானாகவே சரியான ஆளிடம் வந்துவிடும். அப்படியும் மாறாவிட்டால் வேறு ஊழியரைக் கேட்கலாம். கையில் அடக்கமாக இருக்கிறதா, துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடிகிறதா என்பது அந்தப் பெண்ணின் கைக்குத்தான் தெரியும். உச்சரிப்பையோ நிறத்தையோ வைத்து யாராவது அலட்சியமாக நடந்துகொண்டால் கவுண்டரில் நின்று சண்டை போடாதீர்கள். மேலாளரைக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள். துப்பாக்கிக் கவுண்டரில் குரல் உயர்ந்தால் அன்றைய விற்பனை அத்தோடு முடிந்துவிடும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: சோதனையில் பதில் தாமதமானால் உங்கள் கடை விதி என்ன? மறுக்கப்பட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா, கழித்துக்கொள்வீர்களா? வீட்டுக்கு எடுத்துப் போன பிறகு கோளாறு தெரிந்தால் யாரிடம் வர வேண்டும்? பெரும்பாலான கடைகள் வாசலைத் தாண்டிய துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதில்லை, தயாரித்த நிறுவனத்தைத்தான் அணுகச் சொல்வார்கள்.

படிவம் 4473

வாங்குவது முடிவானதும், துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்-இன் படிவம் 4473 வரும். பெருங்கடைகளில் இப்போது பெரும்பாலும் கணினித் திரையில் நிரப்பச் சொல்கிறார்கள். அவசரமே வேண்டாம், இருபது நிமிடம் ஆனாலும் சரி. ஒரு பெட்டியில் பிழை இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஊழியர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பதைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள். ஏடிஎஃப் ஆய்வுக்கு வரும்போது அந்தப் பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கடைதான்.

தமிழர்களுக்கு முதல் தடுமாற்றம் பெயரில் வரும். அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப் பெயரையும் எழுத வேண்டும், அழைக்கும் பெயர் கூடாது. நடுப்பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாமல், 'நடுப்பெயர் இல்லை' என்பதைக் குறிக்கும் என்எம்என் என்ற மூன்றெழுத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சட்டப்படியான பெயரில் வெறும் இன்ஷியல் மட்டும் இருந்தால், 'இன்ஷியல் மட்டும்' என்பதைக் குறிக்கும் ஐஓ என்பதை அதற்குப் பக்கத்தில் எழுத வேண்டும். அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவானவர்கள், கிரீன் கார்டிலும் ஓட்டுநர் உரிமத்திலும் பெயர் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடியுரிமைப் பெட்டியில் மிகுந்த கவனம் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் இந்தியா, இலங்கை என்று தன் நாட்டைத்தான் குறிக்க வேண்டும், கிரீன் கார்டிலுள்ள ஏலியன் எண்ணையும் தர வேண்டும். "இங்கேதானே இருக்கிறோம்" என்று அமெரிக்கா என்று குறித்துவிட்டால் அது பொய்யான குடியுரிமை உரிமைகோரலாகப் பார்க்கப்படலாம். குடிவரவுச் சட்டத்தில் அதற்கு மன்னிப்பு கிடைப்பது மிக அரிது. புரியாத கேள்வி வந்தால் ஊகித்து டிக் செய்யாமல் ஊழியரிடம் கேளுங்கள். அவர் விளக்கத்தைப் படித்துக் காட்டலாம், பதிலை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி இருக்கும். உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி விற்கப்பட்டாலும் மத்தியச் சட்டத்தில் தடைதான் என்று படிவமே எச்சரிக்கிறது. குடும்ப வன்முறை வழக்கு, நீதிமன்றத் தடை உத்தரவு, மனநலச் சிகிச்சைக்காக நீதிமன்றம் வழியாகச் சேர்க்கப்பட்டது ஆகியவற்றைப் பற்றியும் கேள்விகள் உண்டு. எல்லாவற்றுக்கும் உண்மையையே எழுதுங்கள், பொய் எழுதுவதே தனிக் குற்றம். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை. ஆனாலும் கொடுப்பது நல்லது என்று சொல்வேன். ஒரே பெயருள்ள இன்னொருவரோடு குழம்பாமல் இருக்க அது உதவும்.

சோதனையின் பதில்

1993-இல் வந்த பிராடி சட்டத்தின் அடிப்படையில், 1998 நவம்பர் 30 முதல் நிக்ஸ் என்ற உடனடிப் பின்னணிச் சோதனை நடந்துவருகிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் எஃப்பிஐ இதை நடத்துகிறது. கலிஃபோர்னியா, புளோரிடா, இல்லினாய், பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் மாநில அமைப்பே சோதனையைச் செய்யும். ஊழியர் உங்கள் விவரத்தைப் பதிவுசெய்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்.

'புரொசீட்' என்றால் வேலை முடிந்தது. அந்த அனுமதி 30 நாளுக்குச் செல்லும்.

'டிலேய்டு' என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். உங்கள் பெயருக்கோ பிறந்த தேதிக்கோ நெருக்கமான ஒரு பதிவு இருக்கிறது, மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடிவரவுத் தரவுகளையும் கூடுதலாகத் தேடுவதால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் வருவதில் வியப்பில்லை. மத்தியச் சட்டப்படி மூன்று வேலை நாள் காத்திருக்க வேண்டும், சோதனை செய்த நாள் கணக்கில் வராது. வியாழக்கிழமை தாமதம் என்று வந்தால் வெள்ளி, திங்கள், செவ்வாய் மூன்று நாள். அதற்குள் எஃப்பிஐ மறுக்காவிட்டால் புதன்கிழமை கடை விரும்பினால் கொடுக்கலாம். கடை சனி, ஞாயிறு திறந்திருந்தாலும் அரசு அலுவலகம் மூடியிருந்தால் அவை வேலை நாள் ஆகாது. எண்ணிப் பார்க்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இது.

'கொடுக்கலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அனுமதி வந்தே தீர வேண்டும் என்பது வால்மார்ட்டின் கொள்கை, மூன்று நாள் ஆனாலும் பச்சை விளக்கு எரியாமல் தரமாட்டார்கள். இதனால்தான் பணம் கட்டும் முன்பே கடை விதியைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு, சிறார் பருவப் பதிவுகளை மேலும் பார்க்க வேண்டியிருந்தால், 2022 சட்டத்தின்படி இது பத்து வேலை நாள்வரை நீளலாம்.

ஒவ்வொரு முறையும் தாமதமாகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எஃப்பிஐ-இன் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பில் கைரேகையோடு விண்ணப்பித்தால் யுபின் என்ற தனி எண் தருவார்கள். அடுத்த முறை படிவத்தில் அதை எழுதினால் பெயர் ஒத்த இன்னொருவரோடு குழப்பம் வராது.

'டினைடு' என்று வந்தால் காரணம் ஊழியருக்குத் தெரியாது, அவரிடம் வாதாடிப் பயனில்லை. சோதனையின் பரிவர்த்தனை எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்த எண்ணை வைத்து எஃப்பிஐ-இடம் காரணம் கேட்கலாம், தவறு என்றால் முறையிடலாம். மாநிலம் நடத்திய சோதனை என்றால் முதலில் அந்த மாநில அமைப்பிடம். மறுப்பு விவரம் உள்ளூர்க் காவல்துறைக்கும் போகும் என்பதால், பக்கத்துக் கடையில் உடனே முயன்று பார்க்கும் எண்ணம் வேண்டாம். வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாநிலம் வைக்கும் காத்திருப்பு

சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் சில மாநிலங்களில் அன்றே எடுத்துவர முடியாது. டெக்சஸில் அப்படிக் காத்திருப்பு எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் பத்து நாள். விவரம் பதிவான நிமிடத்திலிருந்து முழுதாகப் பத்து 24 மணி நேரம் எண்ணுவார்கள். முதல் தேதி மாலை மூன்று மணிக்குப் பதிவானால் பதினோராம் தேதி மாலை மூன்று மணிக்கு முன் தரமாட்டார்கள். அங்கே துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும், அதற்கு ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. 2024 ஜூலையிலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு தனி வரியும் போடுகிறார்கள், பட்ஜெட் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புளோரிடாவில் சனி, ஞாயிறு, விடுமுறை நீக்கி மூன்று நாள். இல்லினாயில் 72 மணி நேரம், அதற்கு முன்பே ஃபாயிட் எனப்படும் மாநில அட்டை வாங்கியிருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2024 ஜனவரி முதல் பத்து வேலை நாள். நியூஜெர்சியில் முதலில் காவல் நிலையம் வழியாக அடையாள அட்டை, கைத்துப்பாக்கி என்றால் தனி அனுமதிச் சீட்டு, அதற்கப்புறம்தான் கடை. இந்தச் சட்டங்கள் நீதிமன்றத் தீர்ப்புகளால் மாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்கும் வாரத்தில் உங்கள் மாநிலக் காவல்துறையின் அல்லது நீதித்துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்த நாட்களை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். ஒரு மோசமான இரவுக்கும் ஒரு துப்பாக்கிக்கும் நடுவில் சில நாள் இருப்பது உயிரைக் காக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேலை இருக்கிறது. சுடுதளத்தில் ஒரு அடிப்படைப் பாதுகாப்பு வகுப்புக்குப் பதிவுசெய்யுங்கள். பெட்டகத்தை வாங்கிச் சுவரிலோ தரையிலோ பொருத்திவிடுங்கள். துப்பாக்கி வீட்டுக்கு வரும் நாளில் அதை வைக்கும் இடம் தயாராக இருக்க வேண்டும். "இப்போதைக்கு அலமாரி மேல்தட்டில்" என்பது பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருபோதும் கூடாது, அவர்கள் நாற்காலி போட்டு ஏறுவார்கள்.

எடுத்துவரும் நாள்

வேறு நாளில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். முன்பு சொன்ன பதில்கள் இன்றும் உண்மைதான் என்று படிவத்தில் மறுபடி கையெழுத்திட வேண்டும். 30 நாள் தாண்டிவிட்டால் சோதனை முதலிலிருந்து நடக்கும். மனைவியையோ தம்பியையோ அனுப்பி எடுத்துவரச் சொல்ல முடியாது.

பெட்டியை மூடும் முன் வரிசை எண் ரசீதிலும் துப்பாக்கியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்றும் தர வேண்டும் என்பது சட்டம், அது பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். வால்மார்ட் போன்ற கடைகளில் பெட்டியை உங்கள் கையில் தராமல், ஊழியரே வாசல்வரை கூடவே நடந்து வந்து வெளியில்தான் தருவார். சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லா வாடிக்கையாளருக்கும் அதே நடைமுறைதான்.

காரில் பெட்டி மூடியபடியே டிக்கியில் இருக்கட்டும், தோட்டா தனியாக. வழியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகலாம் என்று திட்டமிடாதீர்கள், பள்ளி வளாகங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நேராக வீட்டுக்கு வந்து பெட்டகத்தில் வைத்துப் பூட்டியதும், வரிசை எண்ணையும் மாடலையும் ரசீதின் படத்தையும் வேறு இடத்தில் சேமித்துவையுங்கள். திருட்டுப் போனால் காவல்துறை முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், காப்பீட்டு நிறுவனம் கேட்பது ரசீதை.